வரைபடப்படி கடலில் நின்ற ஆடு

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது நாங்கள் அந்தத் தீவுக்குக் குடிபோனோம். என் கணவருக்கு அங்கே வாட்சர் வேலை கிடைத்திருந்தது. தீவைக் காக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. யாரிடமிருந்து என்று இல்லை. போனால் தெரியும் என்று விட்டிருப்பார்கள்.

தீவு என்றதும் மலையும் அருவியும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராமேஸ்வரம் பக்கத்துக் கரையிலிருந்து பார்த்தால், கடலுக்கு மேல் யாரோ பச்சை மையில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது போலத் தெரியும். கிட்டப் போனாலும் அது பெரிதாக உயர்ந்துவிடாது. அதன் மிக உயரமான இடம் எங்கள் வீட்டு வாசற்படி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து திரும்புவதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்துவிடும். தாழை, உடை மரம், உமரிச் செடி, நண்டு, நாரை, சுற்றிலும் முழங்கால் தண்ணீரில் பவளப்பாறை. சுதந்திரம் வந்து பத்து வருஷம் போல ஆகியிருந்தது. இதையெல்லாம் இப்படியே விட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. நல்ல முடிவு. அதை அன்றும் நான் குறை சொன்னதில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

காப்பாற்றும் வேலையை ஒரு போர்டிலிருந்து தொடங்கியிருந்தார்கள். அனுமதியில்லாமல் இறங்குகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, தெற்கே திறந்த கடலைப் பார்த்து நட்டிருந்தார்கள். தெற்கேயிருந்து யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வடக்கே, கரைப் பக்கமாகவே வந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது. போர்டை ஒழுங்காகப் பயன்படுத்தியவை நீர்க்காகங்கள்தான். அதன்மேல் உட்கார்ந்து சிறகைக் காயவைக்கும். வாரம் ஒருமுறை என் கணவர் கடல் தண்ணீர் மொண்டு அதைக் கழுவுவார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும்.

போர்டுக்கு அடுத்தது பதிவேடு. பறவை, ஆமை, பாறை, வந்து போன வள்ளங்கள், தங்கியிருக்கும் ஆட்கள், கடைசியில் 'இதர' என்று கலங்கள் போட்ட நீள நோட்டு. தினமும் நிரப்பி, வாரக் கடைசியில் நகல் எடுத்துக் கரையிலிருந்த கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என் கணவர் நன்றாக நீந்துவார். காற்றைப் பார்த்து மழை சொல்வார். பேனாவை எடுத்தால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும். முதல் வாரம் அவர் எழுதி அனுப்பியதைக் கிளை அதிகாரி 'படிக்கும்படி எழுதவும்' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் வாரத்திலிருந்து நான் எழுதினேன். பிறந்த ஊரான அபிராமத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். கையெழுத்துக்கு இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுதுவதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இருப்பதை எழுதிவிடுவேன்.

வள்ளங்கள் என்ற கலத்தில் வாரம் தவறாமல் ஒரு விஷயம் வந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்குப் பவளக்கல் கொண்டுபோகிறவர்கள் பட்டப்பகலில் கடப்பாறையோடு வந்து, எங்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பாறையைப் பெயர்த்து ஏற்றுவார்கள். என் கணவர் கரையில் நின்று சத்தம் போடுவார். அவர்கள் மரியாதையாகக் கையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் 'கல் வள்ளம் மூன்று' என்று எழுதுவேன். அடுத்த வாரம் 'கல் வள்ளம் நான்கு'. எதற்கும் பதில் வராது.

"நாம எழுதுறத படிக்கிறாகளா இல்லையான்னே தெரியலையே" என்று ஒருநாள் சொன்னேன்.

"படிக்காம இருக்கிற வரைக்கும் நமக்கு நல்லது" என்றார் என் கணவர்.

அவர் சொன்னதன் அர்த்தம் ஆடு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வைகாசியில் எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து மூன்று வாரம் கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் கணவர் வாரக் கடைசியில் வந்து வாயால் சொல்ல, நான் படுத்துக்கொண்டே பதிவேட்டை எழுதினேன். காய்ச்சல் விட்டபோது பாலும் நின்றிருந்தது. டின்னில் வரும் பால் மாவைக் கரைத்துக் கொடுத்தோம். குழந்தைக்கு வயிற்றால் போனது. தண்ணீர் கொதித்ததா, நன்றாகக் கொதித்ததா, கொதித்த தண்ணீரை ஆறவைத்த செம்பைக் கொதித்த தண்ணீரில் கழுவினேனா என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தேகம் வரும். கழுவின செம்பை மறுபடி கழுவுவேன். குடிதண்ணீரே கரையிலிருந்து குடத்தில் வரும் இடத்தில் அது ஒரு ஊதாரித்தனம்.

கரையில் மீன் ஏலக் கொட்டகையில் ஒரு தராசு உண்டு. வாரம் ஒருமுறை வள்ளத்தில் போய் அங்கே குழந்தையை நிறுப்பேன். மீன் வியாபாரி தட்டைக் கழுவி, வாழை இலை போட்டு, அவளைத் தூக்கி வைப்பார். "இந்தப் பாரைமீன் என்ன வெல சொல்றீக?" என்று கேட்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை குறைந்தது. நான்காவது வாரம் அவர் ஒரு படிக்கல்லைச் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே வைத்தார். விலை கேட்கவில்லை. "தாயி, டாக்டரம்மாட்ட ஒருக்க காட்டிரு" என்றார்.

டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். "ஆட்டுப்பால் குடு. கறந்த உடனே காய்ச்சிக் குடு. இங்க கறந்து வெயில்ல வள்ளத்துல கொண்டுபோனா அதுவும் கெட்டுப்போகும். சோறு திங்கப் பழகுற வரைக்கும் இதுதான் இவளுக்கு. முடியாதுன்னா புள்ளையத் தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு."

அம்மா இருந்தால் போயிருப்பேன். அபிராமத்தில் அய்யாவும் அண்ணனும் அண்ணியும் அண்ணியின் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நான் போனால் பதிவேட்டை யார் எழுதுவது? இரண்டு வாரம் படிக்க முடியாத எழுத்து போனால் மூன்றாவது வாரம் வேறு வாட்சர் வருவார். ஆக என் மகளின் பாலும், என் கணவரின் வேலையும் ஒரு ஆட்டின் மடியில் வந்து நின்றன.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வள்ளக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அக்காள்மடத்தில் அவருடைய மச்சான் வீட்டில் குட்டி போட்ட வெள்ளாடு ஒன்று இருந்தது. அதைப் பாயின் மனைவி கேட்டு வாங்கி, அவரே கூட வந்து இறக்கிவிட்டார். ஆடு மூன்று குடங்களுக்கு நடுவில், சினிமாக் கொட்டகையில் சீட்டுக் கிடைக்காத ஆளைப் போல நின்றுகொண்டு வந்தது.

"இது கொஞ்சம் கோவக்காரி" என்றார் அந்த அக்கா. "கறக்கும்போது பேசிக்கிட்டே இருக்கணும். பேசாமக் கறந்தா ஒதைக்கும்."

"என்ன பேசுறது அக்கா?"

"யாரப் பத்தியாச்சும் கொற சொல்லு. நல்லாக் கேக்கும்."

"அப்ப இங்கன வேற ஆளே வேணாம்" என்றார் பாய். "வாட்சர் ஒருத்தர் போதும்."

தீவில் ஆடு, மாடு கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும். ஆடு வாய் வைத்த செடி என்ன ஆகும் என்று அபிராமத்துக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் என்ன செய்தேன் என்றால், வீட்டுக்குப் பின்னால் வடக்கே நீண்டிருந்த மணல் திட்டில், ஒரு புல்கூட இல்லாத இடத்தில், முளை அடித்து அதைக் கட்டினேன். கரையிலிருந்து பாய் கொண்டுவரும் பூவரசு இலையைத்தான் போட்டேன். தீவின் ஒரு தளிரைக்கூட அது தின்னவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். சத்தியம் செய்யும்படி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன்.

ஆட்டுப்பால் சேர்ந்தது. இரண்டாவது வாரம் மீன் வியாபாரி எடுத்த படிக்கல்லை மறுபடி வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்று மாலை பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். பறவை எழுதினேன். கல் வள்ளம் எழுதினேன். இதர என்ற கலத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இருக்கிற ஆட்டை இல்லை என்று எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டால் அதுவும் இல்லை என்று சொல்வதுதானே? கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது. ஆட்கள் என்ற கலத்தில் இத்தனை நாளாக இரண்டு என்றுதான் எழுதிவந்தேன். கைக்குழந்தையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விட்டிருந்தேன். இரண்டையும் அன்றே சரி செய்தேன். 'ஆட்கள்: மூன்று. ஒருவர் தவழ்கிறார்.' 'இதர: ஆடு ஒன்று.'

வாரக் கடைசியில் நகலைத் தபால் பையில் வைக்கும்போது என் கணவர் அதைப் படித்தார்.

"ஏன் எழுதுன?"

"இருக்கே."

"நம்ம வீட்டுல ஒரு ஓட்டை வாளியும்தான் இருக்கு. அதையும் எழுத வேண்டியதுதான?"

அதற்குள் பாய் அந்தப் பையை வாங்கிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளிவிட்டிருந்தார்.

நான்கு மாதமாகப் பதில் எழுதாத அலுவலகம் ஐந்தாம் நாள் பதில் எழுதியது. கல் வள்ளம் நாற்பத்தொன்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 'தீவில் ஆடு ஒன்று இருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் அப்புறப்படுத்தி அறிக்கை அனுப்பவும்.'

நான் என் கணவருக்காகப் பணிவுடன் விளக்கம் எழுதினேன். குழந்தை, காய்ச்சல், டாக்டரம்மா, பூவரசு இலை எல்லாம் எழுதினேன். எழுதும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. இதைப் படிக்கிற எவரும் இளகிவிடுவார் என்று நினைத்தேன். பதில் வந்தது. 'விளக்கத்தில் குழந்தை எனக் குறிப்பிடப்படுவது யார்? அது தீவில் தங்க அனுமதி பெறப்பட்டதா? பெறப்பட்டிருப்பின் உத்தரவு எண் குறிப்பிடவும். பெறப்படாதிருப்பின் காரணம் கூறவும்.'

ஆட்டைக் காப்பாற்றக் குழந்தையைச் சாட்சி சொல்லவைத்தேன். இப்போது குழந்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடியிருந்தால் அதுவும் தப்பாகத் தோன்றியிருக்கும்.

மூன்றாவது கடிதம்தான் பெரியது. ஆவணியில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார். ஆடு, குழந்தை இரண்டைப் பற்றியும் அங்கேயே முடிவு செய்வார். விதி மீறியது உறுதியானால் வாட்சர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார். பார்வையிடல், இத்துடன் வைக்கப்பட்டுள்ள வரைபடத்தின்படி நடைபெறும். அதில் காட்டியுள்ள எல்லைகளைச் சுற்றிக்காட்டத் தயாராக இருக்கவும்.

வரைபடம் நீலத் தாளில், துணி ஒட்டி, நன்றாக இருந்தது. மூலையில் பெரிய அதிகாரியின் கையெழுத்து. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, சொன்னபடி எல்லைகளைப் பார்த்து வைப்போம் என்று நடந்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் அளவுகோல் வைத்துத் தூரம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெற்கே போர்டு சரியாக இருந்தது. கிழக்கே உடை மரங்கள் சரியாக இருந்தன. வடக்கே வந்தபோது தப்பு வந்தது. படத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் தீவு முடிந்து கடல் வந்துவிடுகிறது. நான் நடந்தால் முடியவில்லை.

என் கணக்குத்தான் தப்பு என்று நினைத்தேன். மறுநாள் மறுபடி நடந்தேன். காலடி சின்னது பெரியது ஆகும் என்று சந்தேகம் வந்து, பாயின் நங்கூரக் கயிற்றை வாங்கி அளந்தேன். கடல்காரர்கள் அடியில் அளப்பதில்லை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பாய் கையை விரித்து விரித்துக் கயிற்றை அளந்து தர, நான் பாகத்தை அடியாக மாற்றி எழுதினேன். வத்தத்தில், அதாவது கடல் வற்றியிருந்தபோது, ஐம்பத்திரண்டு பாகம் வந்தது. ஏத்தத்தில் முப்பத்தெட்டு வந்தது. மூன்றாவது நாள் இரண்டும் இல்லாத ஒரு கணக்கு வந்தது. எப்படி அளந்தாலும் நாற்பது அடி வரவில்லை.

"எத்தன தடவ அளப்ப, தங்கச்சி? எங் கை கழண்டுரும் போல இருக்கு" என்றார் பாய்.

"படத்துல இந்த மணலே இல்ல பாய். கடல்னு போட்டிருக்கு."

"அப்ப மாசியில வந்து அளந்துருப்பாக. மாசியில இது கடல்தான்." ஏதோ ஊரறிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டேன் என்பது போலப் பார்த்தார். "தெக்கருந்து கச்சான் காத்து அடிச்சா தெக்க இருக்க மண்ண அரிச்சு வடக்க கொண்டாந்து போடும். வாட திரும்புனா எடுத்துட்டுப் போயிரும். வருசா வருசம் இதுதான. நீ வந்தப்ப இது எம்புட்டு இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். சித்திரையில் வந்தபோது துணி காயப்போடும் அளவு மணல்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் கொடியைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறேன். கண்ணெதிரே வளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. ஆட்டைக் கட்டிய முளை வீட்டிலிருந்து இருபது பாகத்தில், அதாவது நூற்றிருபது அடியில், இருந்தது. திரும்பி வந்து அளவுகோலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஆடு கடலில் நின்றுகொண்டிருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். அந்தக் கடிதங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்தார். "இதையே எழுதிரு."

"பொய்யாயிறாதா?"

"படம் யார் போட்டது?"

"அவுக."

"கையெழுத்து?"

"அவுகளோடதுதான்."

"அப்ப பொய்யா இருந்தா அது அவுக பொய். நாம அதுக்குக் கீழ்ப்படிஞ்சு நடக்கோம்."

கீழ்ப்படிதல் என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பெரிய அதிகாரி லாஞ்சில் வந்தார். கச்சான் கடலில் லாஞ்சு குதித்த குதியில் அவருக்கு இரண்டு முறை வாந்தி ஆகியிருந்தது. கூடவே கிளை அதிகாரியும், சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகரும் இறங்கினார்கள். பெரிய அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். நாரைகளைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பவளத்தைப் பார்த்து அதைவிடச் சந்தோஷப்பட்டார். "இது ஒவ்வொன்றும் வளர எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?" என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மாதிரிக்காக நல்லதாகப் பார்த்து எடுக்கும்படி டவாலியிடம் சொன்னார். டவாலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு மாதிரி எவ்வளவு பெரியது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று கோணி நிரம்பியது.

பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "கையெழுத்து நன்றாக இருக்கிறது. நீதான் எழுதுகிறாயா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"வீட்டுல எழுதுறதுங்க ஐயா" என்றார் என் கணவர். அதில் பொய் ஒன்றுமில்லை.

"ஆடு எங்கே?"

எல்லாரும் வடக்கே நடந்தோம். குழந்தை என் தோளில் இருந்தாள். ஆடு எங்களைப் பார்த்து அசைபோடுவதை நிறுத்தியது. அன்று அதைக் கறக்கும்போது நான் யாரைக் குறை சொன்னேன் என்பது அதற்குத் தெரியும்.

"இந்தாம்மா, குழந்தைக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீவில் ஆடு கூடாது என்பது விதி" என்றார் பெரிய அதிகாரி.

எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன். "தீவுல இல்லீங்க ஐயா. படத்துல இது கடலுங்க."

அவர் தாளைப் படித்தார். வரைபடத்தைக் கேட்டார். காற்றில் அது பறக்கப் பார்த்ததால் கிளை அதிகாரி, டவாலி, என் கணவர், பாய் நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்தார்கள். பாய் பக்கத்து மூலைக்கு ஆடு கழுத்தை நீட்டியது. பாய் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

பெரிய அதிகாரி வீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், காலுக்குக் கீழே மணலைப் பார்த்தார். "நாம் இப்போது நிற்கிற இடம் எது?"

"கடல்தானுங்க ஐயா" என்றார் கிளை அதிகாரி. அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"இந்தப் படத்தை யார் சரிபார்த்தது?"

கிளை அதிகாரி மூலையில் இருந்த கையெழுத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் பார்த்தார். பெரிய அதிகாரியே அந்த மூலைக்குக் குனிந்தார். தன் கையெழுத்தையே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

நிமிர்ந்தபோது குரல் தெளிவாக இருந்தது. "படம் சரிதான். இது கடல். கடலில் ஆடு நிற்பது பற்றி நம் விதியில் என்ன இருக்கிறது?"

"ஆமை, சங்கு, பவளம் இதுகளைப் பத்தித்தான் இருக்குதுங்க ஐயா. ஆட்டைப் பத்தி இல்லை."

"கடல்ல ஆடு கட்டக்கூடாதுன்னு எங்க ஊருலயும் சட்டம் இல்லீங்க" என்றார் பாய்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "ஆனா ஐயா, அமாவாசை பௌர்ணமிக்கு ஏத்தம் பெருசா இருக்கும். மணல் முழுகிரும். அப்ப மட்டும் ஆட்ட வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வந்துருவேங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் பிடித்திருந்த மூலை கையை விட்டுப் போனது.

பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தை அடித்துவிட்ட பிள்ளையை வாத்தியார் பார்ப்பது போலப் பார்த்தார். "அந்த நேரத்தில் ஆட்டை வள்ளத்தில் ஏற்றி வையுங்கள். தீவுக்குள் வரக்கூடாது" என்றார்.

பாய் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

"குழந்தை விஷயம் ஒன்று இருக்குதுங்க ஐயா" என்றார் கிளை அதிகாரி. "அது படத்தின்படியும் தீவுக்குள்தான் வசிக்குது. அனுமதி இல்லை."

பெரிய அதிகாரி என் மகளைப் பார்த்தார். அவள் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள். "அது வீட்டு விலங்கு இல்லையே" என்றார். கிளை அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பின்னால் வந்த பார்வையிடல் அறிக்கையில் நான்காவது பத்தியாக அது இருந்தது. 'குழந்தை வீட்டு விலங்கு அல்ல என்று முடிவு செய்யப்பட்டது.' அந்த வரியை நான் பல முறை படித்தேன். சர்க்கார் அவளைப் பற்றி எழுதிய முதல் வரி அது.

அவர்கள் போன பிறகு வழக்கம்போலப் பதிவேட்டை எழுதினேன். இதர என்ற கலத்தில், 'மாதிரி, கோணி மூன்று' என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

உத்தரவை நாங்கள் மீறவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏத்தத்தில் பாய் வள்ளத்தைக் கொண்டுவந்து நிறுத்த, நானும் என் கணவருமாக ஆட்டைத் தூக்கி ஏற்றுவோம். தண்ணீர் வடியும் வரை அது வள்ளத்தில் நிற்கும். பாய் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், உட்கார்ந்து அதனிடம் பேசிக்கொண்டிருப்பார். என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரியும். வள்ளத்திலேயே கறந்த நாளும் உண்டு. தரையில் கறப்பதைவிட அதிகமாகக் கறந்தது. ஏத்தம் வராத பக்கம் நிழலில் கட்டினால்தான் யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் கணவர் இரண்டு முறை கேட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கென்ன?

ஐப்பசியில் ஒருநாள் காலை, மணல் திட்டில் நான் கறந்துகொண்டிருந்தேன். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலைப் பிடிக்க எழுந்தாள். எழுந்தவள் உட்காரவில்லை. ஓரடி, இரண்டடி, மூன்றாவது அடியில் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துவிட்டாள். பேச்சை நான் நிறுத்தியிருந்தேன். ஆனாலும் அந்தக் கோவக்காரி உதைக்கவில்லை. கால் நன்றாக ஊன்றியதா, இல்லை விழப்போய்த் தடுமாறியதைத்தான் நடந்தாள் என்று நினைத்துவிட்டேனா என்று எனக்குச் சந்தேகம். கீழே வைத்து மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தேன். நடந்தாள். ஈர மணலில் காலடி இருந்தது. எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவள் குழைந்த சோற்றையும் முள் எடுத்த மீனையும் வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். தராசில் வைத்தபோது மீன் வியாபாரி, "இனிமே இதத் தூக்க ரெண்டு ஆளு வேணும்" என்றார். ஆட்டைத் திருப்பிக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்துப் பாயின் மனைவி சொல்லியனுப்பினார்: "எங்க ஆட்டக் கெடுத்து வச்சிருக்கீக. வெறுந்தரையில கறந்தா நிக்க மாட்டேங்குது."

வாடைக்காற்று திரும்பியது. பாய் சொன்னபடி கடல் தன் மணலை எடுத்துக்கொண்டு போனது. கார்த்திகையில் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் தண்ணீர். நீல வரைபடம் மிகச் சரியாக இருந்தது. அப்போதுதான் புதுப் படம் வந்தது. பெரிய அதிகாரி சென்னைக்குப் போனதும் மறு அளவைக்கு உத்தரவு போட்டிருக்கிறார். புரட்டாசியில் வந்து அளந்து போனார்கள். பழைய படத்தைத் திருப்பி அனுப்பும்படியும், புதிதாகச் சேர்ந்துள்ள வடக்குப் பகுதியில் ஒரு எச்சரிக்கைப் போர்டு நட்டு அறிக்கை அனுப்பும்படியும் கடிதம் சொன்னது. போர்டையும் அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில்தான்.

என் கணவர் போர்டையும் என்னையும் பார்த்தார். "இதுக்கு என்ன எழுதப் போற?"

"இருக்கிறத."

அந்த வாரம் குழந்தைக்கு அம்மை ஊசி போடக் கரைக்குப் போனோம். வள்ளம் வீட்டைத் தாண்டி வடக்கே போனது. பாய் கம்பைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்தார். இடுப்பளவு இருந்தது.

"இங்கனதான் உம் மவ நடந்தா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர்தான் தெரிந்தது. அவளும் எட்டிப் பார்க்க முண்டினாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்து பதிவேட்டை எடுத்தேன். ஆட்கள் என்ற கலத்தில் 'மூன்று' என்று எழுதினேன். 'ஒருவர் தவழ்கிறார்' என்ற குறிப்பு ஆடி மாதத்திலிருந்து வாராவாரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. அதை அடித்துவிட்டு, 'மூவரும் நடக்கிறார்கள்' என்று எழுதினேன். எங்கே என்று கேட்டு எழுதினால் புதுப் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதுவரை கேட்கவில்லை.